சுப்பிரமணி அண்ணன் சுரண்டிய முகம்

சென்ற செவ்வாய்க்கிழமை காலை நான் முகச்சவரம் செய்துகொண்டிருந்தபோது பக்கத்து வீட்டுத் தொலைபேசிக்குச் செய்தி வந்தது. ஓடிப்போய்க் கேட்டு வந்த என் மகள் அதைக் கன்னடத்தில்தான் சொன்னாள். மைசூரில் வளர்ந்த பிள்ளைகளுக்குத் துக்கம்கூட முதலில் கன்னடத்தில்தான் வருகிறது. சுப்பிரமணி அண்ணன் தூக்கத்திலேயே போய்விட்டார். பாதி முகத்தில் சோப்போடு அப்படியே உட்கார்ந்துவிட்டேன்.

அவரை அறியாதவர்களுக்காகச் சொல்கிறேன். அண்ணன் ஹனூர் பக்கம் ராமாபுரத்துக்காரர். ரயில் பெட்டிகளைப் பழுதுபார்க்கும் பட்டறையில் பெயிண்ட் பிரிவில் இருந்தார். நான் அங்கேயே ஸ்டோரில் இருந்தேன். பத்தாம் வகுப்பு என்னை எத்தனை முறை முயன்றும் ஏற்றுக்கொள்ளாததால், டப்பாக்களை எண்ணிக் கொடுக்கும் வேலைதான் வாய்த்தது. பழைய பெயிண்டின் மேல் புதிதாக அடிக்க அண்ணன் விடவே மாட்டார். தகடு தெரியும்வரை சுரண்டச் சொல்வார். "அடியில இருக்கறது ஒரு நாளைக்குக் காட்டிக் குடுத்துரும், கோவிந்தா" என்பார்.

ஓய்வுபெற்று மைசூர் விஜயநகரில் குடியேறிய பிறகு படம் வரையத் தொடங்கினார். மலையும் ஏரியும் அவருக்குச் சுலபமாக வந்தன. பிறகு மகன் செந்திலை வரைய உட்கார்ந்தார்.

செந்தில் அவர்களுக்கு ஒரே பிள்ளை. கல்லூரியில் சேர்ந்த வருடமே காய்ச்சலில் போனவன். வீட்டில் மிஞ்சியிருந்தது ஒரு பள்ளி குரூப் போட்டோ. அதிலும் முன்னால் நின்றவனின் தலை இவன் முகத்தைப் பாதி மறைத்திருந்தது. சட்டைக்குக் குறையில்லை. அவர் மனைவி பழனியம்மாள் அக்கா பீரோவில் வைத்திருந்த, நீலக்கோடு போட்ட அவன் சட்டையை எதிரில் மாட்டிவைத்து வரைந்தார். அக்கா மாற்றித் தைத்த வெள்ளைப் பொத்தான்கூடத் தப்பவில்லை. முகம்தான் வரவில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை என்னைக் கூப்பிட்டனுப்பினார்.

"எப்பிடி இருக்குது, பாத்துச் சொல்லு."

"எனக்குத் தெரிஞ்ச ஓவியமெல்லாம் மளிகைக் கடைக் காலண்டர்தானுங்கண்ணா."

"அதுக்குத்தான் உன்னக் கூப்ட்டேன். தெரிஞ்சவன் மரியாதைக்குப் பொய் சொல்லுவான். நீ பிள்ள பெத்தவன், பாரு."

பார்த்தேன். பையன் நன்றாகவே இருந்தான். செந்திலாகத்தான் இல்லை. நான் வாய் திறக்கும்முன் அவரே தலையை ஆட்டிக்கொண்டார். "வேற எவனோ வந்து உக்காந்துட்டான்."

"அதுக்கு மேலயே திருத்தலாமுங்களே?" என்றேன். ஓவியர்கள் அப்படித்தான் செய்வார்கள் என்று என் மகள் சொல்லியிருந்தாள். ரயில் பெட்டிப் பழக்கம் அவரை விடவில்லை. கத்தியை எடுத்து, கித்தானின் நூல் தெரியும்வரை அந்த முகத்தைச் சுரண்டினார்.

சத்தம் கேட்டு அக்கா சமையலறையிலிருந்து வந்தார். "ஏனுங்க, இன்னும் எத்தன தடவ என்ற பையன அழிப்பீங்க? வந்தவரைக்கும் போதும்னு விடுங்க. இல்லாட்டித் தூக்கி வீசிருங்க."

"வீச மனசு வரமாட்டேங்குது. அவன் இல்லாத மூஞ்சிய அவன்னு வெச்சுக் கும்பிடவும் முடியல."

தீர்ப்புச் சொல்லப் போனவன் காபி குடித்துவிட்டுத் திரும்பினேன். நான் போன காரியங்கள் பெரும்பாலும் இப்படித்தான் முடியும்.

அவர் மறுபடி வரைந்தார், மறுபடி சுரண்டினார். போன மாதம் பார்த்தபோது படத்தில் ஒரு முகம் இருந்தது. கிட்டத்தட்ட செந்தில். சிரிப்பு மட்டும் அவனுடையதில்லை.

"இன்னொரு தடவ கத்தி வெச்சா கித்தான் கிழிஞ்சிரும், கோவிந்தா. திருத்தறதா, இதோட விட்டுர்றதா?"

"தசரா கழியட்டுங்கண்ணா, நெதானமாப் பாக்கலாம்."

"சரி. அதுவரைக்கும் இவனே இருக்கட்டும்" என்றார்.

செவ்வாய்க்கிழமை அந்த வீட்டுக்குள் நுழைந்ததும் என் கண் சுவரில் மாட்டியிருந்த படத்துக்குத்தான் போனது. முகம் இல்லை. சுரண்டியிருந்தார். கித்தான் கிழியவில்லை. பக்கத்து ஸ்டூலில் தூரிகைகள் கழுவி, துணியில் வரிசையாகக் கிடந்தன. கைவிட்டிருந்தாலும் அண்ணன் கழுவித்தான் வைப்பார். மறுநாள் தொடங்குவதாக இருந்தாலும் கழுவித்தான் வைப்பார். எது என்று எனக்குத் தெரியவில்லை. இதை எழுதும்போதும் தெரியவில்லை.

வந்திருந்த உறவினர் ஒருவர், முகமில்லாத படம் வீட்டுக்கு ஆகாது என்று அதைக் கழற்றப் போனார். அழுதுகொண்டிருந்த அக்கா நிமிர்ந்தார்.

"அது இருக்கட்டுங்க. சட்ட அவனுதுதான். மூஞ்சி எனக்குத் தெரியும்."

அண்ணனைத் தூக்கிக்கொண்டு நாங்கள் வெளியே வந்தபோது, படத்திலிருந்த அந்த வெள்ளைப் பொத்தான் சட்டை சுவரில் அப்படியே இருந்தது.

போய் வாருங்கள் அண்ணா. அங்கேயாவது அவனுக்கு முன்னால் எவன் தலையும் மறைக்காமல் இருக்கட்டும்.