ஸ்வாஹிலிக்கும் செர்பியனுக்கும் நடுவில்

துபாஷி வேலை என்பது, இரண்டு பேர் பேசிக்கொண்டதற்கு மூன்றாவது ஆள் திட்டு வாங்குகிற வேலை. மாமியார் சொன்னதைப் புருஷனிடமும் புருஷன் சொன்னதை மாமியாரிடமும் கொண்டுபோய்ச் சேர்த்தவர்கள் யாராவது இதைப் படித்தால் உங்களுக்கு நான் அதிகம் விளக்க வேண்டியதில்லை. நீங்களும் என் கட்சிதான்.

நான் பிறந்து வளர்ந்தது தார் எஸ் சலாமில். அப்பாவுக்கு அங்கே துறைமுக ஆபீசில் குமாஸ்தா வேலை. தெருவில் விளையாடியது, சண்டை போட்டது எல்லாம் ஸ்வாஹிலியில். பிறகு ஒரு ஆஸ்பத்திரியில், யூகோஸ்லாவியாவிலிருந்து வந்த டாக்டரம்மாவுக்கு உதவியாகச் சேர்ந்தேன். அவர் பேசியது செர்பியன். நோயாளிகள் ஸ்வாஹிலியில் சொன்ன வலியை எல்லாம் அவருக்குச் சொல்லிச் சொல்லியே எனக்கு அந்த மொழி வந்துவிட்டது. அறுபதுகளின் கடைசியில் கல்யாணமாகிக் காஞ்சிபுரம் வந்தேன். மெட்ராஸ் துறைமுகத்தில் யூகோஸ்லாவியக் கப்பல் நின்றால், கப்பல்காரர்கள் குடும்பத்தோடு கோயில் பார்க்கவும் பட்டு எடுக்கவும் இங்கே வருவார்கள். மெட்ராஸில் படித்த ஆப்பிரிக்கப் பிள்ளைகளும் வருவார்கள். அதனால் காந்தி ரோட்டில் ஒரு பட்டுக்கடை முதலாளி என்னை வேலைக்கு வைத்துக்கொண்டார்.

கூஜா

சேர்ந்த அன்றைக்கே முதலாளி கேட்டார்: "செர்பியன் வெள்ளைக்காரன் பாஷை, சரி. அந்த ஆப்பிரிக்கா பாஷைக்கு இலக்கணமெல்லாம் இருக்குதாமா?"

எனக்குச் சுருக்கென்றது. உட்கார்ந்து விளக்கினேன். செர்பியனில் நம்முடைய வேற்றுமை மாதிரியே பெயர்ச்சொல்லின் கடைசி மாறும். நாம் வீடு, வீட்டுக்கு, வீட்டில் என்கிறோமே, அதுபோல. ஸ்வாஹிலியில் மாற்றமெல்லாம் சொல்லின் முன்னால் நடக்கும். புத்தகம் என்றால் கிதாபு, புத்தகங்கள் என்றால் விதாபு. வினைச்சொல் நம்முடையதைப்போல ஒரே சொல்லில் எல்லாம் சொல்லிவிடும். 'வந்தேன்' என்பதற்கு 'நிலிகூஜா'. 'நி' என்றால் நான், 'லி' இறந்தகாலம், 'கூஜா' என்றால் வருவது. இவ்வளவு ஒழுங்கான இலக்கணம் என்று நான் முடிப்பதற்குள் அவர் கடைப் பையன்களைப் பார்த்துச் சிரிக்க ஆரம்பித்துவிட்டார்.

"வர்றதுக்குக் கூஜாவா? அப்ப போறதுக்குச் சொம்பாமா?"

ஆணா, பொண்ணா

ஒரு டான்சானியா மாணவர் புடவை பார்த்துவிட்டு, தன் நண்பர் நாளைக்கு வந்து எடுத்துக்கொள்வார் என்றார். முதலாளிக்கு உடனே தெரிந்தாக வேண்டும், வரப்போவது ஆணா, பெண்ணா என்று. ஸ்வாஹிலியில் அது தெரியாது. அவனும் அவளும் அந்த மொழியில் ஒன்றுதான். செர்பியனாக இருந்தால் வாயைத் திறந்ததும் தெரிந்திருக்கும். அங்கே நண்பன், தோழி என்று சொல்லே தனித்தனி; நம் 'வந்தான், வந்தாள்' போல நடந்ததைச் சொல்லும் வினைச்சொல்லும் காட்டிக்கொடுத்துவிடும். மாணவரோ அதற்குள் பஸ்ஸுக்குப் போய்விட்டார். "அவருக்குத் தெரிஞ்சவங்க வர்றாங்க" என்று நான் சொன்னதை முதலாளி ஒப்புக்கொள்ளவே இல்லை. நான் எதையோ மறைக்கிறேனாம்.

"நீங்க மட்டும் வீட்ல சொன்னாங்க, வீட்ல சொன்னாங்கன்னு சொல்றீங்களே, அதுல ஆணா பொண்ணா தெரியுதா?" என்று கேட்டேன். அவர் கொஞ்சமும் அசரவில்லை.

"நான் வீட்லன்னு சொன்னா அது யாருன்னு ஊருக்கே தெரியும்மா."

டா

கப்பல் அதிகாரி ஒருவர் தறி பார்க்க வேண்டும் என்றார். பிள்ளையார்பாளையத்தில் முதலாளிக்கு நெய்துகொடுக்கும் பெரியவர் ஒருவர் வீட்டுக்கு அழைத்துப் போனேன். பெரியவர் மனிதருக்கு மனிதர் மரியாதை பார்ப்பவர். தறிக் குழியில் உட்கார்ந்தபடியே, கரையை எப்படிப் புடவையின் உடலோடு கோக்கிறார் என்று நிதானமாகக் காட்டினார். நான் செர்பியனில் சொன்னேன். அதிகாரி ரசித்துப்போய், தலையை ஆட்டி ஆட்டி, "டா, டா, டா" என்றார்.

செர்பியனில் 'டா' என்றால் 'ஆமாம்'. அதைச் சொல்வதற்குள் பெரியவர் ஊடு நூல் ஓட்டும் நாடாவைக் கீழே வைத்துவிட்டார். நான் எவ்வளவோ எடுத்துச் சொன்னேன். மறுபடி தறியில் கை வைக்கவே இல்லை. நானே குற்றம் செய்ததுபோல என்னைத்தான் பார்த்தார்.

"ஆமான்னு சொல்றதுக்கு அவுங்க ஊர்ல வேற எழுத்தே கெடைக்கலயாமா?"

போலாகோ

இரண்டு மொழிகளுக்கும் துளிகூட உறவில்லை. ஆனால் ஓர் இடத்தில் மட்டும் பக்கத்துப் பக்கத்தில் வந்து நிற்கும். 'மெதுவாக' என்பதற்கு ஸ்வாஹிலியில் 'போலே போலே', செர்பியனில் 'போலாகோ'. டாக்டரம்மாவும் நானும் இதைச் சொல்லிச் சிரித்திருக்கிறோம். காஞ்சிபுரத்தில் அது சிரிக்கிற விஷயமாக இல்லை.

ஒரு கப்பல் கேப்டனின் மனைவி, வயதான, கனத்த சரீரமுள்ள அம்மாள், ஏகாம்பரநாதர் கோயிலிலிருந்து கடைக்கு சைக்கிள் ரிக்‌ஷாவில் வந்தார். பின்னால் இன்னொரு ரிக்‌ஷாவில் நான். பள்ளம் மேடு வந்ததும் அந்த அம்மாள், "போலாகோ, போலாகோ" என்றார். ரிக்‌ஷா வேகமெடுத்தது. அவர் இன்னும் சத்தமாகச் சொன்னார். அது இன்னும் பறந்தது. நான் கத்தியது யார் காதிலும் விழவில்லை. திருப்பத்தில் ஒரு வைக்கோல் வண்டியில் மோதி அந்த அம்மாள் வைக்கோல்மேல் சாய்ந்தார். நல்லவேளை, முழங்கை சிராய்ப்போடு போயிற்று. முதலாளி அத்தனை பேர் எதிரில் என்னைத்தான் ஏசினார். கூடப் போனவள் நான்தானே. ரிக்‌ஷாக்காரரிடம் நியாயம் கேட்டேன். அவருக்கு என்னைவிடக் கோபம்.

"அந்தம்மாதான் வழி நெடுக போலாங்கோ, போலாங்கோன்னு கூப்ட்டுக்கினே வந்தாங்க. இவ்ளோ மரியாதையா சொல்றாங்களேன்னு மிதிச்சேன். இது தப்பா?"

போலே



ஒரு மத்தியானம், டான்சானியாவிலிருந்து வந்து மெட்ராஸில் படிக்கும் இன்னொரு பையன் வந்தான். அம்மாவுக்குப் பட்டு வேண்டும் என்றான். வெள்ளை விரிப்பின் ஓரமாக, செருப்பைக் கழற்றிவிட்டு, அடக்கமாக உட்கார்ந்தான். அரக்குச் சிவப்பில் ஒரு புடவையை மடியில் வைத்து, கரையை விரலால் தடவிப் பார்த்தான். முதலாளி கல்லாவிலிருந்தே சொன்னார்: "தொடாம பாக்கச் சொல்லு. கைக் கருப்பு பொடவைல ஒட்டிக்கும்."

கடையில் நாலைந்து பேர் சிரித்தார்கள். துபாஷி பேசும்போது அடுத்தவர் வார்த்தை தன் வாயிலிருந்து வருகிறது. அந்த வார்த்தை என் வாயில் வர வேண்டாம் என்று நின்றேன். "சொல்லும்மா, அதுக்குத்தானே நீ" என்றார் முதலாளி. பையன் என்னைப் பார்த்து, அவர் என்ன சொல்கிறார் என்று கேட்டான். ஏதாவது நல்லதாகச் சொல்லி மழுப்பியிருக்கலாம். அப்படிச் செய்தால் அந்தச் சிரிப்பில் நானும் சேர்ந்தவள் ஆகிவிடுவேன் என்று தோன்றியது. சொன்னபடியே சொன்னேன், ஒரு சொல் விடாமல்.

அவன் தன் உள்ளங்கையைப் பார்த்தான். புடவையைப் பழைய மடிப்பு மாறாமல் மடித்து வைத்தான். எழுந்தான். ஸ்வாஹிலியில் 'போலே' என்று ஒருமுறை மட்டும் சொன்னால் வேறு அர்த்தம். கஷ்டத்தில் இருப்பவரைப் பார்த்துச் சொல்வது. உன் வருத்தம் எனக்கும் வருத்தம் என்பது. டாடா என்றால் அக்கா. அவமானப்பட்டவன் அவன். வாசலில் நின்று எனக்கு ஆறுதல் சொல்லிவிட்டுப் போனான்.

"போலே, டாடா."

நிபந்தனை

அன்றைக்கே வேலையை விட்டு வந்துவிட்டேன். அடுத்த கப்பல் வந்ததும் முதலாளி ஆள் மேல் ஆள் அனுப்பினார். கடைசியில் அவரே வீட்டுக்கு வந்தார். என் கணவர் எனக்கு ஒரு நாற்காலி எடுத்துப் போட்டார். வருகிறேன், ஆனால் வாடிக்கையாளர் எதிரில் கடையில் யார் எது சொன்னாலும் அவர்களுக்கு அப்படியே சொல்லிவிடுவேன், எந்த ஊர்க்காரராக இருந்தாலும் சரி, என்றேன். வேறு வழியில்லாமல் தலையை ஆட்டினார்.

அதற்குப் பிறகு அவர் எதையாவது சொல்ல வாயெடுத்தால் முதலில் என் பக்கம் பார்ப்பார். பாதி நேரம் மென்று விழுங்கிவிடுவார். மனம் மாறியதாக நான் நினைக்கவில்லை. நாக்கு மட்டும் கட்டுக்குள் வந்தது. ஒருநாள் கடை சாத்தும்போது அவரே அலுத்துக்கொண்டார்.

"நீ இருந்தா என் கடைல நானே பேச முடியலமா."

ஒப்பீடு

ஊரில் ஒரு படிப்பு வட்டம் இருந்தது. இரண்டு மொழிகளையும் ஒப்பிட்டுப் பேச வேண்டும் என்று என்னைக் கூப்பிட்டார்கள். ஆசை ஆசையாகப் போனேன். ஒன்று ஐரோப்பியக் குடும்பம், மற்றது ஆப்பிரிக்கக் குடும்பம், இரண்டுக்கும் சம்பந்தமே இல்லை என்று சொன்னேன். இரண்டிலும் தேநீருக்கு 'சாய்' என்பதும், செர்பியனில் 'துச்சான்', ஸ்வாஹிலியில் 'துக்கா', நம்மூர் உருதுக்காரர்கள் வாயில் 'துக்கான்' எல்லாம் ஒரே கடைதான் என்பதும் வியாபாரிகள் கொண்டுபோய்ப் போட்ட சொற்கள், பிறப்பால் வந்த உறவில்லை என்று அழுத்தி அழுத்திச் சொன்னேன். இரண்டும் தமிழிலிருந்து எப்போது பிரிந்தன என்று ஒருவர் கேட்டார். பிரியவில்லை என்றேன். அவர் கோபித்துக்கொண்டு எழுந்து போனார். தலைவர் மாலையைப் போட்டுவிட்டு நன்றி சொன்னார்.

"ரஷ்ய பாஷையும் ஆப்பிரிக்க பாஷையும் அடிப்படையில ஒண்ணுதான்னு இந்தம்மா இன்னைக்கு நமக்கு அழகா நிரூபிச்சிட்டாங்க."

ஸ்வாஹிலிக்கும் செர்பியனுக்கும் என்ன வித்தியாசம் என்று இப்போதும் யாராவது கேட்கத்தான் செய்கிறார்கள், கேட்டுவிட்டு அவர்களே எனக்குச் சொல்லிக்கொடுத்துவிட்டும் போகிறார்கள்.