ஒன்பது இடத்தில் பெண்கள்

போன புதன்கிழமை, நான் ஆட்களைச் சேர்த்து வருகைக் கணக்கு எழுதிவந்த நூல் மில்லிலிருந்து ஆள் வந்தது. நான் ரிட்டயர் ஆகிவிட்டாலும் தமிழில் நோட்டீஸ் எழுதுவதென்றால் இன்னும் என்னைத்தான் கூப்பிடுகிறார்கள். பஸ் கிடைக்குமா, மழை வந்துவிடுமா என்று கவலைப்பட்டுக்கொண்டே போனேன்.

மேனேஜர் இளைஞர், மரியாதையானவர். காபி வரவழைத்தார். இப்போது எந்தப் பேப்பரைத் திறந்தாலும் பெண்கள் உரிமை பற்றித்தானே பேச்சு? நம் மில்லும் ஏதாவது சொல்ல வேண்டாமா என்றார். முதலாளியே இங்கிலீஷில் எழுதியிருந்தார், நான் தமிழாக்க வேண்டும். நாமெல்லாம் ஒரே குடும்பம், பெண்களின் கௌரவமே மில்லின் கௌரவம்... எண்ணிப் பார்த்தேன், பழக்கதோஷம். 'பெண்கள்' ஒன்பது இடத்தில் வருகிறது. நல்லதுதானே?

கடைசி வரியில் பேனா நின்றுவிட்டது. பெண்களின் பாதுகாப்பைக் கருதி, ரிஜிஸ்டரில் உள்ள பெயருக்கேற்ற உடையில் வராதவர்களுக்குத் திங்கள் முதல் வேலை கிடையாது.

அது ஒரே ஒருவருக்காக எழுதிய வரி. நூல் சுற்றும் கோன் வைண்டிங் பிரிவில் இருக்கும் செல்வி. செல்வராஜ் என்று நான்தான் வேலைக்குச் சேர்த்தேன். 'நான் பொம்பளைதான்' என்று எல்லோரிடமும் சொல்லிவிட்டு, இந்தச் சித்திரையிலிருந்து சேலை கட்டி வருகிறார். பெற்றவர்கள் கதவைச் சாத்திவிட்டார்கள். மிச்சமிருப்பது இந்த வேலை மட்டும்தான்.

பெண்கள் யாராவது புகார் கொடுத்தார்களா என்று மேனேஜரைக் கேட்டேன். எழுத்தில் இல்லையாம். ஆனால் சங்கடப்படுவார்களாம்.

எழுந்து நேராக கேண்டீனுக்குப் போனேன். வைண்டிங் பெண்கள் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள், செல்வியும் அவர்களோடு. முழுவதையும் படித்துக் காட்டினேன். அவர்களில் மூத்தவரான சரோஜா கை கழுவிவிட்டு வந்தார்.

"ஏனுங்க சார், இத்தன எடத்துல எங்க பேரப் போட்டிருக்கறாங்களே, ஒருத்தியவாச்சும் ஒரு வார்த்த கேட்டாங்களா? செல்வியால எங்களுக்கு என்னங்க சங்கடம்? அந்த ஃபிட்டர்தான் எங்க ரெஸ்ட் ரூம் சன்னலுகிட்டயே நிக்கறாரு. அதுக்கொரு நோட்டீஸ் எழுதிக் குடுங்க."

எல்லோரும் சிரித்தார்கள். செல்வி சிரிக்கவில்லை. டிபன் டப்பாவை மூடிவிட்டு என்னைப் பார்த்தார்.

"பேண்ட்டப் போட்டுட்டு வந்தா வேல இருக்குமுங்களா சார்?"

சரோஜா முந்திக்கொண்டார்.

"நீ கம்முனு சாப்புடு கண்ணு. திங்கக்கெழம எங்களோட வா. சேலைலயே வா. உன்ன உள்ள உடலீன்னா நாங்களும் போறதில்ல."

திரும்பிப் போய் அந்த வரியை அடித்தேன். அது இல்லாவிட்டால் முதலாளி ஒத்துக்கொள்ள மாட்டார் என்றார் மேனேஜர். அப்படியானால் முதலாளியே தமிழ் படித்து எழுதிக்கொள்ளட்டும் என்று வந்துவிட்டேன். நோட்டீஸ் எப்படியோ போர்டில் ஏறிவிட்டதாம்... அந்த வரியோடு.

செல்வியை முழுசாகப் புரிந்துகொண்டேன் என்று சொல்ல மாட்டேன். என் வயசுக்கு அது சுலபமில்லை. ஆனால் நோட்டீஸ் போர்டு ஓரளவு புரியும். 'பாதுகாப்பு' என்று பெரிய எழுத்தில் போட்டிருந்தால், யாரை வெளியே தள்ளப் போகிறார்கள் என்று கடைசி வரியைப் பாருங்கள்.

இதை நீங்கள் படிக்கும்போது ஞாயிற்றுக்கிழமை. நாளைக் காலை முதல் ஷிப்டுக்கு அந்தப் பெண்களோடு கேட்டில் நானும் நிற்பேன். பிரஷர் மாத்திரை, குடை, மஃப்ளர் எல்லாம் எடுத்து வைத்தாயிற்று.

கிழவர்கள் கேட்டில் நிற்கக் கூடாது என்று இன்னும் நோட்டீஸ் வரவில்லை!