மாமனோடு போய் எடுத்த மூன்று மார்புப் படங்கள்

1938 பிப்ரவரி 12, சனிக்கிழமை, காலை பத்தே கால் மணி. பனி விலகி வெயில் ஏறத் தொடங்கியிருந்தது. சேலம் அஸ்தம்பட்டியில் எக்ஸ்ரே கருவி வைத்திருந்த ஒரு டாக்டரின் அறையில், சட்டையைக் கழற்றிவிட்டுப் பலகையில் மார்பை ஒட்டி நின்றேன். மூச்சை இழுத்துப் பிடிக்கச் சொன்னார். அது முடியாமல்தானே வந்திருக்கிறேன் என்று எரிச்சலாக இருந்தது.

அப்போது நான் நாமக்கல்லில் ஒரு பஞ்சு மண்டியில் கணக்கெழுதிக்கொண்டிருந்தேன். நான்கு நாள் முன்பு குனிந்து செருப்பு மாட்டும்போது வலது மார்பில் சுருக்கென்றது. அதிலிருந்து கொஞ்சம் நடந்தாலும் மூச்சு இளைத்தது. எனக்கும் மோகனூரிலிருந்த தாய்மாமன் மகளுக்கும் வைகாசியில் கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. மாப்பிள்ளைக்குச் சயரோகம் என்று யாரோ சொல்லிவிட, மாமன் மறுநாளே வந்து நின்றார். படம் எடுத்துப் பார்ப்போம், சயம் என்று வந்தால் பேச்சு அத்தோடு முடிந்தது என்றார்.

டாக்டர் ஈரப் படத்தை விளக்குப் பெட்டியில் மாட்டினார். இடப்பக்கம் சாம்பல் நிறத்தில் மரக்கிளை போலக் கோடுகள். வலப்பக்கம் ஒரே கறுப்பு. மாமன் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு எழுந்தார்.

"பாதி கருகிப் போச்சுங்களே. நான் வாரேனுங்க."

டாக்டர் அவரை உட்காரவைத்தார். கறுப்பாகத் தெரிவது வெறும் காற்று. நுரையீரலில் சிறு ஓட்டை விழுந்து, காற்று வெளியே கசிந்து, நுரையீரல் சுருங்கி இதயத்தோரம் கைப்பிடியளவு கிடக்கிறது என்று பென்சிலால் காட்டினார். அது மறுபடி விரிந்த பிறகு எடுக்கும் படத்தில்தான் சயம் உண்டா இல்லையா என்று தெரியும் என்றார்.

மாமன் மாடு பூட்டித் தோல் பையால் கிணற்று நீர் இறைக்கும் கவலை ஓட்டுகிறவர். "தண்ணி எறைக்கிற தோல்ல ஓட்டை விழுந்த மாதிரிங்களா?"

அதேதான், ஆனால் படுத்து ஓய்வெடுத்தால் இது தானாக மூடிக்கொள்ளும் என்றார் டாக்டர்.

"எங்க தோலு அப்படி மூடறதில்லைங்க. நாந்தான் தெச்சுத் தெச்சுச் சாவறேன்."

மூன்று வாரம் படுத்தேன். இரண்டாவது படத்தில் நுரையீரல் பாதிக்குமேல் விரிந்திருந்தது. மாமன் படத்தின் மேல் விரல் வைத்து அளந்து, இன்னும் இரண்டு விரல் பாக்கி என்றார். பங்குனியில் எடுத்த மூன்றாவது படத்தில் அது விலாவைத் தொட்டுவிட்டது. இரு பக்கமும் ஒரே மாதிரிக் கிளைகள். சயம் இல்லை என்றார் டாக்டர்.

மாமன் நம்பிவிட்டார். வீட்டிலிருப்பவர்கள் நம்ப வேண்டுமே என்று மூன்று படங்களையும் மோகனூருக்கு எடுத்துப்போனார். கீறல் விழுந்துவிடுமோ என்று நானும் கூடவே போனேன். மாமனின் அண்ணன் படத்தைத் தலைகீழாகப் பிடித்துப் பார்த்து, நன்றாகத்தான் இருக்கிறது என்றார். கடைசியில் படம் மாமன் மகள் கைக்குப் போனது. வாசல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து வெகுநேரம் பார்த்தாள். டாக்டர் முன்னால்கூட எனக்கு அப்படி வியர்க்கவில்லை.

"மச்சான், ஒரு பக்கம் பத்து எலும்புதானுங்க வருது. எனக்குப் பன்னெண்டு இருக்குது, தடவிப் பாத்தேன். மிச்சம் ரெண்டு எங்க?"

அந்த இரண்டும் என் தூக்கத்தையும் கெடுத்திருந்ததால், டாக்டரிடம் ஏற்கெனவே கேட்டு வைத்திருந்தேன். கீழே ஈரல் மறைக்கிறது என்றேன்.

"அப்பச் செரி." படத்தைத் தன் அப்பாவிடம் நீட்டினாள். "வைகாசியே இருக்கட்டுங்கப்பா."

மூன்று தடவையும் மாமன் பணப்பையை வீட்டிலேயே வைத்துவிட்டு வந்திருந்தார். படங்களுக்கு இருபத்து நான்கு ரூபாய், இருவருக்கும் சேலம் போய்வந்த பஸ் கட்டணம் ஆறு ரூபாய், மாமன் சாப்பிட்ட பலகாரம் ஒரு ரூபாய் ஆறு அணா. ஆக, எனக்குக் கல்யாணம் நிலைக்க ஆன செலவு முப்பத்தோரு ரூபாய் ஆறு அணா.