சாமைக் காட்டில் மாத்திரை அட்டைகள்

கள்ளக்குறிச்சியில் சட்ட உதவி மையத்தின் தன்னார்வலர் நான். மனு எழுதுவது, ஆவணம் சேர்ப்பது, வக்கீலிடம் கூட்டிப்போவது என் வேலை. என் மனுக்களைப் பற்றி எனக்குக் கொஞ்சம் தலைக்கனம் உண்டு. படிக்கிறவர் கண் கலங்கும்படி இல்லையென்றால் கிழித்துப்போட்டு மறுபடி எழுதுவேன்.

போன ஐப்பசியில் கல்வராயன் மலையிலிருந்து ஒரு பெண் நான்கு மாதக் கைக்குழந்தையோடு வந்தாள். குழந்தையின் இதயத்தில் ஓட்டை. பால் குடித்து முடிப்பதற்குள் அதன் நெற்றி வேர்த்துவிடும். அவளுடைய முதல் பிள்ளை பிறந்த மூன்றாம் நாளே போய்விட்டது. அதன்பின் அவள் சோறு தண்ணீர் இல்லாமல் சுருண்டு கிடந்திருக்கிறாள். புருஷன் டவுனில் ஒரு கிளினிக்குக்குக் கூட்டிவர, மனச்சோர்வுக்கு மாத்திரை கொடுத்தார்கள். அடுத்த பிள்ளை வேண்டும் என்கிற எண்ணம் உண்டா என்று யாரும் கேட்கவில்லை, கர்ப்பத்தில் ஆபத்து வரலாம் என்று சொல்லவும் இல்லை. மாத்திரை சாப்பிடும்போதே இந்தக் குழந்தை வயிற்றில் தங்கிவிட்டது.

ஓட்டைக்கு மாத்திரைதான் காரணமென்று உறுதியாகச் சொல்ல முடியாது, இல்லையென்றும் சொல்ல முடியாது என்றார் பெரிய ஆஸ்பத்திரி டாக்டர். மாமியாருக்கு அந்தக் குழப்பமெல்லாம் இல்லை. பைத்தியத்துக்குத் தின்ற மாத்திரையால் பிள்ளையைக் கெடுத்துவிட்டாள் என்று ஊரெல்லாம் சொல்லிவந்தார். கிளினிக்கிடம் நஷ்டஈடு கேட்பதெல்லாம் அவளுக்கு அப்புறம்தான். தன்மேல் தப்பில்லை என்று கோர்ட்டுக் காகிதத்தில் இருக்க வேண்டும், அவ்வளவுதான் கேட்டாள்.

வக்கீல் டாக்டரின் சீட்டையும் மாத்திரை அட்டையையும் கேட்டார். சீட்டு இருந்தது, ஒரு மாதத்துக்கு எழுதியது. அட்டை வீட்டில் கிடக்கும் என்றாள். வெள்ளிமலை பஸ் பிடித்து நானும் கூடவே போனேன்.

வீட்டில் இல்லை. வீட்டுக்குப் பின்னால் சாமைக் காட்டில் இருந்தது. கதிரைக் கொத்த வரும் குருவிகளை விரட்ட, போன வருஷத்து அட்டைகளையெல்லாம் எடுத்து வைத்திருந்து, நூலில் கோத்துப் பளபளவென்று தொங்கவிட்டிருந்தார் புருஷன். சாட்சி காற்றில் ஆடுகிறதே என்று எனக்கு ஒரே சந்தோஷம். ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டே போனேன். ஒரு மாதத்துக்கு மூன்று அட்டை போதும். அங்கே பதினைந்து இருந்தன.

டாக்டர் தொடர்ந்து சாப்பிடச் சொன்னதாகப் புருஷன்தான் சொன்னார் என்றாள் அவள். பக்கத்தில் நின்றிருந்த புருஷன் வரப்பில் உட்கார்ந்துவிட்டார்.

"டாக்டரு ஒரு மாசம் கழிச்சு வரச் சொன்னாருங்க. நான்தான் கூட்டினு போவல. கடையில அட்டையக் காட்டி வாங்கியாந்துகினே இருந்தேன். நிறுத்தினா மறுபடியும் படுத்துக்குவாளோன்னு பயம்."

எனக்குச் சுர்ரென்று ஏறியது. நன்றாகத் திட்டினேன். அவர் செய்ததைவிட, மனதுக்குள் எழுதி வைத்திருந்த மனு பாழாய்ப் போனதே என்றுதான் எனக்கு ஆத்திரம். பழி முழுக்கக் கிளினிக் மேல் விழுந்தால்தான் வழக்கு நிற்கும். மூன்று அட்டைகளை மட்டும் அவிழ்த்துப் பையில் போட்டுக்கொண்டேன். வெட்கத்தோடுதான் இதைச் சொல்கிறேன்.

அவள் பார்த்துக்கொண்டுதான் இருந்தாள். குழந்தையை அவர் மடியில் கொடுத்துவிட்டு, மீதிப் பன்னிரண்டையும் அவிழ்த்து என் பையில் வைத்தாள்.

"அந்த மாத்திரயத் தின்னுதான்க்கா நான் எழுந்து உக்காந்தேன். அவரு வாங்கியாரலன்னா நானும் இல்ல, இந்தப் புள்ளயும் இல்ல. கேக்க வேண்டியவங்க கேக்கலன்னு எழுது. இத்தயும் எழுது."

வழக்கு பலவீனமாகும் என்று எவ்வளவோ சொல்லிப் பார்த்தேன். அவள் மசியவில்லை. அவள் சொன்னபடியே எழுதினேன். வக்கீல் படித்துவிட்டுப் பெருமூச்சு விட்டார், சீட்டுக் கேட்காமல் விற்ற கடையையும் சேர்க்கச் சொன்னார், புருஷன் வாங்கிவந்த மாத்திரையால்தான் எழுந்தேன் என்ற வரியை மட்டும் அடிக்கவில்லை. குழந்தையின் ஆபரேஷனுக்கு முதலில் வழி செய்தோம். நன்றாக முடிந்தது. வழக்கு இன்னும் நடக்கிறது.

கையெழுத்துப் போட்ட அன்று மனுவின் நகல் ஒன்று கேட்டாள். மாமியாருக்குக் காட்டவா என்றேன்.

"இல்லக்கா, அவருக்கு. தூக்கமே இல்ல அவருக்கு" என்றாள்.