ஃபைசலின் கறுப்பு ஜீப்

புத்தகத்தின் பின்னட்டையில் போன் நம்பரைப் போட்டது எவ்வளவு பெரிய வம்பாகப் போயிற்று என்று அஸுமியைத்தான் கேட்க வேண்டும். கானோ நகரத்தில் காதல் கதை எழுதுகிற பெண்கள் எல்லோருமே போடுகிறார்கள். முன்னட்டையில் ஓர் அழகி, பின்னட்டையில் எழுதினவளின் பாஸ்போர்ட் படம், அதற்குக் கீழே நம்பர். நம்பர் இல்லாவிட்டால் எவனோ ஆண்பிள்ளை பெண் பெயரில் எழுதியிருக்கிறான் என்று சந்தைக்காரர்களே கதை கட்டிவிடுவார்கள்.

அதனால் காலையில் பயறு வடை சுட உட்காரும்போதே போன் தொடங்கிவிடும். ஒருத்தி கதாநாயகன் ஃபைசலுக்குத் தம்பி இருக்கிறானா என்று கேட்பாள். ஒருத்தி அவன் போடுகிற அத்தர் எந்தக் கடையில் கிடைக்கும் என்பாள். ஒருத்தி ஒன்றும் பேசாமல் மூக்கை உறிஞ்சிவிட்டு வைத்துவிடுவாள். எல்லோருக்கும் அவள் ஹாஜியாதான். மெக்காவுக்குப் போவது இருக்கட்டும், அவள் கானோவை விட்டு வெளியே போனதே இரண்டு தடவை, இரண்டும் சாவு வீட்டுக்கு. ஆனாலும் புத்தகம் எழுதுகிறவளை வேறு எப்படிக் கூப்பிடுவது என்று ஜனங்கள் முடிவு செய்துவிட்டார்கள்.

அவளுக்கு வயது நாற்பத்தொன்று. பதினான்கில் கட்டிக்கொடுத்தார்கள். பதினெட்டில் அந்த மனிதன் ஒரு துண்டுக் காகிதத்தில் தலாக் எழுதிக் கையில் கொடுத்துவிட்டு வெளியே போய்விட்டான். அதில் என்ன எழுதியிருக்கிறது என்று தெரியாமல் அவள் பக்கத்து வீட்டுக்குக் கொண்டுபோய்க் காட்டினாள். அந்த வெட்கம் தாங்காமல்தான் பெண்கள் வகுப்பில் சேர்ந்து எழுத்துக் கூட்டக் கற்றுக்கொண்டாள். கற்றதும் முதலில் படித்தது அதே காகிதத்தை. ஒரே வரி. நாலு வருஷத்துக்கு ஒரு வரிதானா என்று அவளுக்கு ஆத்திரமாக வந்தது. பிறகு பள்ளிக்கூட நோட்டு ஒன்று வாங்கி எழுத ஆரம்பித்தாள், இதுவரை பதினொரு புத்தகம் ஆகிவிட்டது.

இப்போதைய வீட்டுக்காரர் டயர் வியாபாரி. அவர் பெயரை அவள் வாயால் சொன்னதில்லை, அதனால் நாமும் விட்டுவிடுவோம். மூத்த மனைவி டேலு. அஸுமி அவளை யாயா, அதாவது அக்கா என்பாள். டேலு அவளைப் புதுப்பெண்ணே என்று கூப்பிடுவாள், அவள் வந்து பத்தொன்பது வருஷம் ஆன பிறகும். மூன்றாவதாக ஒருத்தி வரும்வரை அந்தப் பட்டம் போகாது. போகவே வேண்டாம் என்பதில் இருவருக்கும் நல்ல ஒற்றுமை.

கதை எழுதுவதற்கு அந்த வீட்டில் எல்லோருமே கை கொடுத்தார்கள். டேலுவுக்குப் படிக்கத் தெரியாது. ஆகவே எழுதினதை முதலில் அவளுக்குத்தான் வாசித்துக் காட்ட வேண்டும், அவள் கொட்டாவி விட்டால் அந்தப் பக்கம் போச்சு. வீட்டுக்காரர் நோட்டுகளைக் கறுப்புப் பையில் சுற்றிச் சந்தை அச்சகத்துக்குக் கொண்டுபோவார். ஃபைசலின் ஜீப் எப்படி இருக்கும் என்று அவரிடம்தான் அஸுமி விசாரித்தாள். அவருக்குத் தெரிந்தது சக்கரம் மட்டும். அதனால் கதையில் ஜீப் வரும் இடத்திலெல்லாம் டயரின் அகலமும் பள்ளமும் அங்குலக் கணக்கில் வரும். வாசகிகள் அதையும் படித்து மயங்கினார்கள்.

'உனக்காகப் பூட்டாத கதவு' மூன்றாம் பாகம் வெளிவந்து ஒரு மாதம் ஆகியிருந்தது. அதில் கதாநாயகி நஃபீசாவை அவள் அப்பா ஒரு கிழட்டுப் பணக்காரருக்குக் கொடுக்க இருக்கிறார். நிக்காஹ் அன்று காலை, வாசலில் ஒரு வண்டி வந்து நிற்கிறது. அத்தோடு பாகம் முடிந்துவிட்டது. திங்கட்கிழமை தௌராவிலிருந்து மைஜித்தா என்று ஒரு பெண் கூப்பிட்டாள். பத்தொன்பது வயதாம்.

"ஹாஜியா, வாசல்ல நின்னது யார் வண்டி? அதை மட்டும் சொல்லிடுங்க."

"நாலாம் பாகம் வரட்டும்மா."

"அது வரைக்கும் தாங்காது. வியாழக்கெழம அப்பா என்னைச் சம்மதமான்னு கேக்கப் போறார். மாப்பிள்ளை மோட்டார் சைக்கிள் மெக்கானிக், பேரு கம்போ. அது ஃபைசலோட ஜீப்புன்னா நானும் காத்திருப்பேன். வாயைத் திறந்து வேண்டாம்னு சொல்லிடுவேன். கெழவனோட வண்டின்னா பேசாம இருந்துடுவேன்."

பேசாமல் இருந்தால் என்ன அர்த்தம் என்று அஸுமிக்குத் தெரியும். கன்னிப்பெண் வாயை மூடிக்கொண்டிருந்தால் சம்மதம், அவ்வளவுதான். அஸுமியின் அப்பா கேட்ட அன்று அவள் வாய் நிறையக் கடலை இருந்தது. மென்று முடிப்பதற்குள் பெண்கள் குலவையிட்டுவிட்டார்கள்.

"எனக்கே இன்னும் தெரியாதும்மா," என்றாள் அஸுமி.

"ரகசியமா வெச்சுக்கறீங்க. நான் யார்கிட்டயும் சொல்ல மாட்டேன் ஹாஜியா, சத்தியமா," என்று அந்தப் பெண் சொல்லும்போதே காசு தீர்ந்து போன் அறுந்துவிட்டது.

அது ரகசியமே இல்லை. நோட்டு தீர்ந்துபோனதால்தான் வாசலில் வண்டி நின்றது. யாருடைய வண்டி என்று அவள் யோசிக்கவே இல்லை. இப்போது ஒரு பெண்ணின் கல்யாணம் போய் அந்த வண்டியில் ஏறி உட்கார்ந்துவிட்டது. வேண்டாம் என்று சொல்லச் சொன்னால் நாளைக்கு தௌராவுக்கு ஜீப்பில் யார் வரப்போகிறார்கள்? சம்மதி என்றால், தனக்குச் செய்ததையே இவளுக்கும் செய்ததாக ஆகாதா? இரண்டு பக்கமும் சரியாகவும் பட்டது, தப்பாகவும் பட்டது. அன்று களியில் உப்புப் போட்டோமா என்பதுகூட அவளுக்கு நினைவில்லை.

"யாயா, வாசல்ல நின்னது யார் வண்டியா இருக்கும்?"

"இதென்னடி கேள்வி? ஃபைசலோடதுதான். வேற யாராவது வந்தா உன்னைச் சும்மா விட மாட்டேன்."

மறுநாள் ஓர் ஆண் குரல். ஆண்கள் கூப்பிட்டால் திட்டுவதற்குத்தான் கூப்பிடுவார்கள், அவள் வைத்துவிடப் போனாள்.

"வெச்சுடாதீங்க ஹாஜியா. நான் தௌரா கம்போ. மெக்கானிக்."

"என் நம்பர் உனக்கு எப்படிக் கெடச்சுது?"

"புஸ்தகத்துல இருக்கே. மூணு பாகமும் நான்தான் வாங்கிப் படிச்சுட்டு அவளுக்குக் குடுத்தேன். என் தலையில நானே மண்ணைப் போட்டுக்கிட்டேன்." அவன் பெருமூச்சு விட்டான். "ஒரு உதவி பண்ணுங்க. அந்த வண்டியை மோட்டார் சைக்கிள் ஆக்கிடுங்க. ஃபைசலே வரட்டும், எனக்கு ஒண்ணுமில்ல. ஜீப்பு மட்டும் வேண்டாம். என்னால ஜீப்பு வாங்க முடியாது."

அஸுமிக்குச் சிரிப்பு வந்தது, கூடவே கோபமும் வந்தது. "எல்லா மாப்பிள்ளையும் போல நீயும் சாயங்காலம் அவ வீட்டு வாசல்ல உக்காந்து பேசுவியே, அப்ப நீ என்னதான் சொல்வே?"

"நான் என்னத்தச் சொல்ல. ஒரு பொட்டலம் கடலைக் குலிகுலி வாங்கிட்டுப் போவேன். கடிச்சுக்கிட்டே அவ ஃபைசல் கதை சொல்வா. நான் கேட்டுக்கிட்டிருப்பேன்."

"நீதான் படிச்சுட்டியே?"

"படிச்சதை அவகிட்ட சொன்னதில்ல. சொன்னா அவ கதை சொல்றதை நிறுத்திடுவா."

போனை வைத்த பிறகு அஸுமி தன் கதாநாயகர்களை ஒவ்வொருவராக எண்ணிப் பார்த்தாள். பதினொரு புத்தகத்தில் அவளுடைய ஆண்பிள்ளைகள் தங்கம் வாங்கிக் கொடுத்தார்கள், விமானத்தில் கூட்டிப் போனார்கள், மழையில் நின்று அழுதார்கள். தெரிந்த கதையைத் தெரியாதவன் மாதிரி உட்கார்ந்து கேட்டவன் ஒருவனும் இல்லை. இப்படி ஒன்று தனக்கு ஏன் தோன்றவில்லை என்று அவளுக்குப் பொறாமையாகக்கூட இருந்தது. உடனே நோட்டை எடுத்தாள். ஃபைசலின் சொத்தையெல்லாம் கூட்டாளி ஏமாற்றிவிட்டான், ஜீப் போய்விட்டது, அவன் இரவல் மோட்டார் சைக்கிளில் வந்து வாசலில் நிற்கிறான். சட்டையெல்லாம் செம்மண். நஃபீசா ஓடிவந்து அந்த மண்ணைத் துடைத்துவிடுகிறாள். எழுதும்போது அஸுமிக்கே கண் கலங்கியது.

புதன்கிழமை டேலுவுக்கு வாசித்தாள். டேலு கொட்டாவி விடவில்லை. கையிலிருந்த வெண்டைக்காயைக் கீழே வைத்தாள்.

"மண்ணா?" என்றாள்.

"மோட்டார் சைக்கிள்ல வந்தா மண்ணு ஒட்டாதா யாயா?"

"ஒட்டும். எனக்குத் தெரியாதா? வடக்கேருந்து காத்தடிக்கிற நாலு மாசமும் இந்த வீட்டுல நான்தான் பெருக்கறேன். காலையில பெருக்கினா மத்தியானம் விரல் ஆழத்துக்குத் தூசி. பாய்ல தூசி, கூழ்ல தூசி, புள்ளைங்க காதுல தூசி. உன் புஸ்தகம் எத்தனை கேட்டிருக்கேன். ஃபைசல் வீட்டுல ஒரு நாள் கூட யாரும் பெருக்கினதில்ல. அதுக்குத்தாண்டி நான் கேக்கறேன். இல்லேன்னா அந்த நஃபீசா அழுதா எனக்கென்ன, சிரிச்சா எனக்கென்ன."

தூசி இல்லாத வீடு என்று அஸுமி நினைத்து எழுதியதில்லை. கண்ணாடி மேசை, தோல் நாற்காலி, ஒவ்வோர் அறையிலும் ஐஸ் பெட்டி என்றுதான் பார்த்துப் பார்த்து எழுதினாள். தன் கதையில் என்ன இருக்கிறது என்பதே அவளுக்குத் தெரிந்திருக்கவில்லை.

வியாழன் காலையில் அவளே தௌராவுக்குப் போன் போட்டாள். வாசகி ஒருத்தியை அவளாகக் கூப்பிட்டது அதுதான் முதல் தடவை.

"யார் வண்டி ஹாஜியா?"

"ஃபைசலோடது."

அந்தப் பக்கம் மூச்சு இழுக்கும் சத்தம் கேட்டது.

"ஆனா ஜீப்பு இல்லம்மா. மோட்டார் சைக்கிள்."

வீட்டுக் கோழி கொக்கரிப்பது கேட்டது, யாரோ உரலில் இடிப்பது கேட்டது, அந்தப் பெண் மட்டும் பேசவில்லை. அஸுமி மூன்று முறை பெயர் சொல்லிக் கூப்பிட்டாள். பிறகு போன் அறுந்தது. நம் ஊரில் பெண் பேசாமல் இருந்தால் சம்மதம், சரி. போனில் பேசாமல் இருந்தால்? அதை யாரிடம் போய்க் கேட்பது என்று அவளுக்குத் தெரியவில்லை. சந்தைக்குக் கிளம்பிய வீட்டுக்காரரிடம் நோட்டைக் கொடுத்தாள், பிறகு திருப்பி வாங்கினாள், பிறகு மறுபடியும் கொடுத்தாள்.

"என்ன, பிரசவ வலியா?" என்றார் அவர்.

"ஒண்ணுமில்ல, போங்க."

ஆறு வாரத்தில் நாலாம் பாகம் வந்தது. அதன் பிறகு போன் அடுப்பைவிடச் சூடாக இருந்தது. ஃபைசலை ஏன் இப்படிச் சீரழித்தாய் என்று சொக்கோட்டோவிலிருந்து ஒருத்தி திட்டினாள். இனிமேல் உன் புத்தகத்தை அடுப்புக்குக்கூட வாங்க மாட்டேன் என்று இன்னொருத்தி சொன்னாள். தௌராவிலிருந்து மட்டும் ஒன்றும் வரவில்லை. அஸுமி போன் போட்டாலும் யாரும் எடுக்கவில்லை. அப்பா கேட்டதும் ஊரார் முன்னால் மறுத்துப் பேசி அந்தப் பெண் அடி வாங்கினாளோ, பேசாமல் இருந்து அழுதுகொண்டிருக்கிறாளோ என்று அஸுமி வடையைக் கருக விட்டாள்.

எட்டாவது வாரம் கம்போ கூப்பிட்டான்.

"கல்யாணம் ஆயிடுச்சு ஹாஜியா. அப்பா கேட்டப்ப அவ வாயைத் திறக்கல."

"ஏன் திறக்கலன்னு கேட்டியா?"

"கேக்கல. பயமா இருக்கு. நல்லாத்தான் இருக்கா. நல்லா சமைக்கறா. என் பட்டறைச் சட்டையைத் தொவைக்கறா, கிரீஸ் போகவே மாட்டேங்குதுன்னு திட்டறா. அதெல்லாம் சரி. நாலாம் பாகம் வந்த அன்னிக்கே வாங்கிட்டு வந்து குடுத்தேன். படிச்சா. சாயங்காலம் குலிகுலியோட போய் உக்காந்தேன். கதை சொல்லவே இல்ல."

"ஏன்?"

"'இதுல சொல்ல என்ன இருக்கு, அந்த மோட்டார் சைக்கிள் நம்ம வாசல்லயேதானே நிக்குது'ன்னு சொல்லிட்டா. ரெண்டு வாரம் ஆச்சு. நாங்க சும்மா உக்காந்திருக்கோம், எனக்கு என்ன பேசறதுன்னு தெரியல. ஹாஜியா, அந்த ஜீப்பைத் திருப்பிக் குடுத்துடுங்க. நான் கேட்டது தப்பு."

பின்னாலிருந்து ஒரு பெண் குரல் வந்தது. "அதே கறுப்பு ஜீப்புன்னு சொல்லு. புதுசு வேண்டாம். ஏசி வேலை செய்யணும்."

அந்தக் குரல் சிரிக்கிறதா, அழுதுவிட்டு வருகிறதா என்று அஸுமியால் கண்டுபிடிக்க முடியவில்லை. தான் அந்தப் பெண்ணுக்கு நல்லது செய்தோமா கெட்டது செய்தோமா என்பதும் புரியவில்லை. ஜீப்பைக் காட்டி ஏமாற்றினோமா, ஜீப்பைப் பிடுங்கி ஏமாற்றினோமா? சரி என்று மட்டும் சொல்லிவிட்டு வைத்தாள்.

மத்தியானம் புது நோட்டில் ஐந்தாம் பாகம் என்று எழுதினாள். ஃபைசலை ஏமாற்றின கூட்டாளி மனம் திருந்தி, தெருமுனையில் ஜீப்பைத் திருப்பிக்கொண்டு வருகிறான் என்று ஆரம்பித்தாள். எதற்காகத் திருந்தினான் என்று அவளுக்கே தெரியாது. முற்றத்தில் டேலு மூன்றாவது தடவையாகப் பெருக்கிக்கொண்டிருந்தாள். அஸுமி முதல் வரியைச் சத்தமாக வாசித்தாள்.

டேலு விளக்குமாற்றைச் சுவரில் சாய்த்துவிட்டு வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"மொதல்ல அந்த ஜீப்பைக் கழுவச் சொல்லு," என்றாள்.