அக்கா ஏற மறுத்த இருபத்திரண்டு படிகள்

எங்கள் அக்கா ஹனூரில் பிறந்தார். மூன்று வயதில் வந்த போலியோ இரண்டு கால்களையும் முடக்கியது. நினைவு மலர்களில் இடம்பெறும் எல்லோரும் பொறுமையின் வடிவமாகவே இருந்து மறைகிறார்கள். எங்கள் அக்காவுக்குப் பொறுமை கிடையாது. அவருடைய நற்குணங்களில் அதையே முதலில் பதிவு செய்கிறேன்.

அவரைவிட இரண்டு வயது இளையவன் நான். அக்கா எங்கே போனாலும் தம்பி முதுகில் தூக்குவான் என்பது எங்கள் வீட்டு வழக்கம். மைசூருக்குக் குடிவந்து, அவர் பி.காம். முடித்து, நான் அரசு எழுத்தரான பிறகும் அது மாறவில்லை.

அதனால்தான் அந்தத் தவறு நடந்தது. மாற்றுத்திறனாளிகளுக்கு வேலை தேடித் தரும் உதவி மையம் ஒன்றை நகரில் முதல் மாடியில் வைத்திருந்தார்கள். பெயர் வேண்டாம். இருபத்திரண்டு படிகள், லிப்ட் இல்லை. அக்காவைத் தூக்கிக்கொண்டு ஏறினேன். பதிவேட்டில் கையெழுத்திட்டார். வீடு திரும்பியதும், மையத்தைக் கீழ்த்தளத்துக்கு மாற்றக் கோரி மனு எழுதினார். பதில் வந்தது: 'மனுதாரர் நேரில் மேலே வந்து கையொப்பமிட்டுள்ளார். எனவே அவருக்குச் சிரமம் இருப்பதாகத் தெரியவில்லை.'

கோப்பு எழுதியே வாழ்ந்தவன் நான். அந்தப் பதிலில் நடைமுறைப் பிழை ஒன்றுகூட இல்லை. அவர்களுக்குச் சாட்சி சொன்னது என் முதுகு.

சில மாதங்களில், நஞ்சன்கூட்டுத் தொழிற்சாலை ஒன்றில் கிடங்கு எழுத்தர் வேலைக்கு அதே மாடியில் நேர்காணல். அக்காவின் வயதுக்கு அதுதான் கடைசி வாய்ப்பு. படியருகே நான் வழக்கம்போல் குனிந்தேன்.

"நிமுருடா. இன்னிக்கு நீ தூக்கக் கூடாது."

"வேல போயிருங்க்கா. மொதல்ல வேலய வாங்கிக்க. மனுவ அப்புறம் பாத்துக்கலாம்."

"போன தடவ தூக்குனியே, என்ன எழுதுனாங்க? இன்னிக்கும் தூக்குனா இத எவனும் மாத்த மாட்டான். ஆபீசரே, நீங்க போய் டீ குடிச்சுட்டு வாங்க."

நான் போகவில்லை. கடைநிலை ஊழியர் இறங்கி வந்தார். "மேடம், மேலே பர்பேக்கு, வரணுமாம். சாகேப்ரு கூப்புடுறாரு."

"வரலைன்னு எழுதிக்கச் சொல்லுங்க. கீழ வந்து உக்காந்திருந்தேன்னும் எழுதி, கையெழுத்துப் போட்டு எனக்கு ஒரு நகல் குடுங்க."

அவர் மூன்று முறை ஏறி இறங்கினார். அந்த நகலைத் தர யாருக்கும் துணிவில்லை. கடைசியில் அதிகாரிகள் மூவரும் இறங்கி வந்தார்கள்.

"ஏனம்மா, இவ்ளோ ஹடம் யாக்கே?" என்று ஒருவர் கன்னடம் கலந்து கடிந்துகொண்டார். ஹடம் என்றால் பிடிவாதம்; யாக்கே என்றால் ஏன்.

"படி உங்களுது சார். பிடிவாதம் மட்டும் எப்பிடி என்னுது ஆவும்?"

அவர்கள் நின்றபடி கேட்டார்கள். அக்கா உட்கார்ந்தபடி பதில் சொன்னார். வேலை கிடைத்தது. ஓய்வு பெறும்வரை அதில் இருந்தார்.

ஆனால் படியை விடவில்லை. இரண்டாம் சனிக்கிழமைகளில் அதன் அடியில் உட்கார்ந்து, ஏற முடியாமல் வந்தவர்களுக்கு விண்ணப்பம் நிரப்பித் தந்தார். எந்தச் சான்றிதழ், எந்தச் சலுகை, எதற்கு எத்தனை நகல் என்று மாடிக்குத் தெரியாததெல்லாம் அவருக்குத் தெரியும். ஊழியர்களே அதைக் 'கீழ் ஆபீஸ்' என்றார்கள். மனுவை ஆண்டுதோறும் புதுப்பித்தார்.

நுரையீரல் தொற்றோடு மருத்துவமனையில் கிடந்தபோதும், "பதில் வந்துச்சாடா?" என்றுதான் கேட்டார். காரியம் முடிந்த வாரத்தில் வந்தது: 'மனுதாரர் காலமாகிவிட்டதால் மனு முடித்து வைக்கப்படுகிறது.' அவ்வளவு விரைவாக அவர்கள் அதுவரை எதையும் முடித்ததில்லை.

கடைசி நாட்களில் அக்காவைக் கவனித்துக்கொண்ட செவிலியருக்கும், 'கீழ் ஆபீசு'க்குத் தவறாமல் அழைத்துப் போன ஆட்டோக்காரத் தம்பிக்கும், இந்த முதலாண்டு நினைவு நாளுக்கு வந்திருக்கும் உறவினர், நண்பர்களுக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி.

இம்மலரின் கடைசித் தாள் அதே மனுதான். மனுதாரர் பெயருக்கான இடம் காலியாக இருக்கிறது. உங்கள் பெயரை எழுதிக் கையெழுத்திட்டு, தாளைக் கிழித்து எடுத்துக்கொள்ளுங்கள். திங்கட்கிழமை காலை பத்து மணிக்கு அந்தப் படிக்கட்டின் அருகே நான் இருப்பேன். கால் நன்றாக இருப்பவர்களும் மேலே ஏற வேண்டாம். அதிகாரிகள் இறங்கி வந்து வாங்கிக்கொள்ளட்டும்.