சுல்மீரா காத்திருந்த எறும்புக் குருவிகள்

புரூஸ் ஆற்றங்கரையில் சுல்மீராவைப் போலக் காலில் சக்கரம் கட்டியவள் வேறு யாரும் கிடையாது. காப்பியைப் பாதியில் வைத்துவிட்டுக் காட்டோரம் ஓடுவாள், எறும்புக் குருவி கத்துகிறதா என்று கேட்க. பக்கத்து வீட்டுக்காரி நான். பதினாலு மாதமாக இந்தக் கூத்தைப் பார்த்து அலுத்துப்போயிருந்தேன்.

எல்லாம் அவள் மகள் ஜுசிலேனியால் வந்தது. பிள்ளைத்தாய்ச்சியாக வந்தவளை அம்மா வீட்டில் தேள் கொட்டிவிட்டது. "படையெறும்பு வந்து இந்த வீட்டைத் துடைக்கட்டும். அப்புறந்தான் எம்புள்ளைய இங்க படுக்கவைப்பேன்" என்று சொல்லிவிட்டு டவுனுக்குப் போய்விட்டாள்.

படையெறும்பு வந்தால் நாங்கள் விரட்டுவதில்லை. கோழிகளைத் தூக்கிக்கொண்டு வெளியேறிவிடுவோம். பூச்சி பொட்டு ஒன்று விடாமல் அது காலி செய்துவிடும். அது வருவதைக் குருவிகள்தான் முதலில் சொல்லும். எறும்புக்குப் பயந்து ஓடும் பூச்சிகளைப் பிடித்துத் தின்ன அவை கூடவே வரும்.

"இன்னிக்கும் என் வீட்டுப் பக்கம்தான் கத்துது, அக்கா" என்று சீண்டுவேன்.

"உன் வீட்ல என்னடி இருக்கு? எறும்பு பட்டினிதான் கிடக்கும்."

போன வாரம் ஜுசிலேனி கைக்குழந்தையோடு வந்தாள். முகத்தைக் காட்டிவிட்டு மாலைப் படகில் திரும்புவதாக ஏற்பாடு. சுல்மீரா பேத்தியைக் கையில் வாங்கியதும் காட்டோரம் குருவிகள் கத்தின. சற்று நேரத்தில் எறும்புகள் கறுப்பாக வாசலேறின.

"வந்துடுச்சு! இனிமே தங்கலாம்டி!" அவள் குரல் உடைந்தது. எனக்கும் கண் கலங்கிவிட்டது.

என் ஓடத்தில் ஏறி உட்கார்ந்து பார்த்தோம். ஓர் இடத்தில் நில்லாதவள், பேத்தியை மடியில் வைத்துக்கொண்டு அசையாமல் இருந்தாள். ஓலைக்கூரையிலிருந்து தேள்கள் விழுந்தன. ஒன்று, இரண்டு, பிறகு கொத்துக் கொத்தாக. கீழே குருவிகள் பாய்ந்து பாய்ந்து கொத்தின. ஜுசிலேனியின் முகம் வெளுத்தது.

"இத்தனைக்கும் கீழயா நான் படுத்திருந்தேன்?"

"இப்ப ஒண்ணுகூட இல்லடி."

"ஓலை அதேதானேம்மா. மறுபடி வந்து அடையும்."

படகு ஊதியது. குழந்தையை வாங்கிக்கொண்டு போய்விட்டாள். கேட்டது நடந்த பிறகும் போகிறாளே என்று எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. சுல்மீரா கூரையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

மறுநாள் காலை பார்த்தால் கூரைமேல் உட்கார்ந்து ஓலையைப் பிய்த்துப் போட்டுக்கொண்டிருந்தாள். காட்டோரம் குருவி கத்தியது. அவள் திரும்பவில்லை.

"மழை வர்ற நேரத்துல பைத்தியமா அக்கா உனக்கு? தகரக் கூரை போடணும்னா, டவுன்லேர்ந்து தகரம் வர ரெண்டு மாசம் ஆகுமே!"

"நனைஞ்சா நான்தானேடி நனையப்போறேன். வந்து ஏணியப் பிடி."